கூட்டம் ஜீப்பிலேயே தொடங்கிவிடுகிறது

2021 மார்ச் கடைசி வாரம். கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) குன்னூருக்கு மேக்சி கேப்பில் போனேன். ஒரு கட்சியின் பொதுக்கூட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன வண்டி அது. நான் கட்சிக்காரன் இல்லை. எனக்குக் குன்னூரில் ஒரு வேலை, வண்டிக்காரர் தெரிந்தவர், இடமும் இருந்தது. இடம் இருந்தது என்று கொஞ்சம் தாராளமாகத்தான் சொல்கிறேன்: பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் பத்தொன்பது பேர் இருந்தோம்.

போகும்போது பகல், நல்ல வெயில், கண்ணாடிகள் திறந்திருந்தன. திரும்பும்போதுதான் விஷயம். கட்டபெட்டு தாண்டும்போது பனி இறங்கிவிட்டது. பின் சீட்டிலிருந்து ஒருவர், "கண்ணாடிய ஏத்துங்கப்பா, குளுருது" என்றார். எல்லாக் கண்ணாடியும் ஏறின. ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துப்போய் ரோடு தெரியவில்லை. ஓட்டுநர் ஒரு மஞ்சள் துணியால் துடைத்தார். வெளுத்தது. மறுபடி துடைத்தார். ஊர் வந்து சேர்வதற்குள் அந்தத் துணி பிழிகிற ஈரத்துக்கு வந்துவிட்டது. அது வெளியிலிருந்த பனியின் ஈரம் இல்லை. உள்ளே இருந்த பத்தொன்பது பேர் விட்ட மூச்சு.

கட்சிச் சின்னம் அச்சடித்த மாஸ்க் எல்லோரிடமும் இருந்தது. பெரும்பாலும் தாடையில்.

நோய் பரவும் காலத்தில் அரசியல் கூட்டம் நடத்தலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் டிவியில் மைதானத்தைக் காட்டுவார்கள். டிரோன் மேலே ஏறும், தலைகள் கடலாகத் தெரியும், கீழே கேள்விக்குறி போட்ட தலைப்பு ஓடும். எனக்கு அந்த மஞ்சள் துணிதான் ஞாபகம் வரும். கொரோனா காலத்தில் நாம் போட்ட விதிகள், போட்ட சண்டைகள், நீதிமன்றம் விட்ட சூடு எல்லாமே மைதானத்தைப் பார்த்தபடிதான் இருந்தன. நீலகிரி மாதிரி மலை மாவட்டத்தில் கூட்டம் மைதானத்தில் தொடங்குவதில்லை, அங்கே முடிவதும் இல்லை.

முதலில் நோயின் வழியைப் பார்த்துவிடலாம். கொரோனா கிருமி பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகப் போகிறது. பேசினால் வெளியே வரும் நுண்துளிகள், சத்தமாகப் பேசினால் கூடும், பாடினாலோ கோஷம் போட்டாலோ இன்னும் கூடும். திறந்த வெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடும். மூடிய அறையில் அப்படியே தங்கும். 2020 மார்ச் 10ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சிக்காகக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே சளி அறிகுறி இருந்தது. 53 பேருக்குத் தொற்றியது, அல்லது தொற்றியிருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். இரண்டு பேர் இறந்தார்கள். யாரும் கைகுலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. மூடிய கூடம், பாட்டு, நேரம்: அவ்வளவே போதுமானதாக இருந்தது.

இன்னொரு விஷயம், இந்த நோய் எல்லோரிடமிருந்தும் ஒரே அளவில் பரவவில்லை. தொற்று வந்தவர்களில் பத்து முதல் இருபது சதவீதம் பேர்தான் எண்பது சதவீதப் பரவலுக்குக் காரணம் என்று பல ஆய்வுகள் காட்டின. அதாவது ஒன்பது வண்டியில் ஒன்றுமே ஆகாது. பத்தாவது வண்டியில் முழு வண்டிக்கும் வரும். அதனால்தான் "நான் பத்துக் கூட்டத்துக்குப் போனேன், எனக்கு ஒண்ணும் ஆகல" என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை.

இதை வைத்து அன்றைய குன்னூர் கூட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். மேடை திறந்த வெளியில். மலைக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. மேடைக்கு முன்னால் சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் வட்டங்கள் செருப்புக்கு அடியில் போய்விட்டன. இருந்தாலும், நோய்க் கணக்கில் அந்த ஒன்றரை மணி நேரம்தான் அந்த நாளிலேயே ஆபத்து குறைந்த பகுதி என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஒரு மணி நேர வண்டிப் பயணம். பிறகு டீக்கடையில் நெருக்கியடித்துக்கொண்டு டீயும் வர்க்கியும். அப்புறம் கண்ணாடி ஏற்றிய வண்டி, வழியெல்லாம் கோஷம், பாட்டு. கடைசியில் எட்டுக்குப் பத்து அறைகள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் எஸ்டேட் லைன் வீடு. பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. காலையில் ஆறரைக்குப் பெரட்டுக்கு, அதாவது எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டும்.

சமவெளியில் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்தே வந்து கூட்டம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். இங்கே அப்படி இல்லை. ஊட்டி ஏடிசி சுதந்திர திடலுக்கோ கூடலூர் காந்தி திடலுக்கோ ஆள் சேர வேண்டுமென்றால் ஜீப், பிக்கப், மேக்சி கேப் இல்லாமல் நடக்காது. மழை வந்தால் கூட்டம் கல்யாண மண்டபத்துக்குள் போய்விடும். மண்டபத்தின் ஜன்னல்களைக் குளிருக்குப் பயந்து யாரும் திறக்க மாட்டார்கள். மலைக்காற்று சுத்தமானது, இங்கே நோய் அண்டாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காற்று சுத்தம்தான். நாங்கள்தான் அதை உள்ளே விடுவதில்லை.

2020 ஜூலையிலேயே இந்தப் பாடம் மாவட்டத்துக்குக் கிடைத்திருந்தது. எல்லநள்ளிப் பக்கம் ஊசி செய்யும் ஆலை ஒன்றில் தொற்று கிளம்பி, வேலையாட்கள் வழியாகச் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போனது. கல்யாணம், சாவு வீடு என்று கூடிய இடங்களிலிருந்தும் ஊர் ஊராகத் தொடர்ந்தது. மைதானம் எதுவும் அந்தக் கதையில் இல்லை.

சரி, விதிகள் என்ன சொல்லின? தேர்தல் ஆணையம் 2020 ஆகஸ்ட் 21ஆம் தேதி கொரோனா காலத் தேர்தலுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனால் வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர். வாகன அணிவகுப்பில் பத்து வண்டிக்கு ஒருமுறை விடும் இடைவெளியை ஐந்து வண்டிக்கு ஒருமுறை விட வேண்டும். பொதுக்கூட்டத்துக்கென்று மாவட்டத் தேர்தல் அதிகாரி முன்கூட்டியே மைதானங்களைக் குறித்து, உள்ளே வர, வெளியே போக வழி பிரித்து, நிற்கும் இடத்தை அடையாளமிட வேண்டும். வாக்குச்சாவடிக்கு 1,500 வாக்காளர் என்றிருந்ததை 1,000 ஆகக் குறைத்தார்கள். தமிழகத்தில் சாவடிகளின் எண்ணிக்கை 88,937 ஆக உயர்ந்தது. ஓட்டுப் போட வந்தவர்களுக்கு பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். மாலை ஆறு முதல் ஏழு வரை தொற்றுள்ளவர்கள் வந்து ஓட்டுப் போட ஏற்பாடு இருந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி தொற்று உறுதியான கனிமொழி, 6ஆம் தேதி மாலை கவச உடையோடு மயிலாப்பூரில் வந்து ஓட்டுப் போட்டது அந்த நேரத்தில்தான்.

வாக்குச்சாவடிப் பகுதி நன்றாகவே நடந்தது என்பேன். ஆனால் அந்த விதிகளைப் படித்தால் 2020இன் மருத்துவ அறிவு அதில் உறைந்திருப்பது தெரியும்: கையுறை, சானிடைசர், வெப்பமானி. கையைக் காக்கும் விதிகள். நோயோ மூச்சில் இருந்தது. விதி வேட்பாளரைச் சுற்றி வேலி போட்டது. கூட்டத்துக்கு வந்து போகிறவனின் வண்டிக்கும் வீட்டுக்கும் அது வரவில்லை. சால்வையைப் பற்றியும் அதில் ஒன்றும் இல்லை. வரிசையில் வந்து இருபது பேர் போர்த்துவார்கள், வேட்பாளர் இருபது பேரையும் முகத்துக்கு அருகே இழுத்து போட்டோவுக்கு நிற்பார். ஆரத்தித் தட்டுக்கும் அதே கதை.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். 2021 பிப்ரவரி 26, தேர்தல் அறிவிப்பு. மார்ச் 1, தமிழகத்தில் புதிய தொற்று ஒரு நாளைக்கு 500க்கும் கீழே. ஏப்ரல் 6, வாக்குப்பதிவு. அன்று 3,600ஐத் தாண்டியிருந்தது. ஏப்ரல் 11, ஸ்ரீவில்லிபுத்தூர் காங்கிரஸ் வேட்பாளர் மாதவ ராவ் கொரோனாவில் இறந்தார்; ஓட்டு எண்ணும்போது அவர் இல்லை. ஏப்ரல் 20, இரவு ஊரடங்கு. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தடை. மே 10, முழு ஊரடங்கு. மே 21, ஒரே நாளில் 36,184 பேர், அந்த அலையின் உச்சம். ஜூனில் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு கிடைத்தபோதும், தொற்று குறையாத 11 மாவட்டங்களில் ஒன்றாக நீலகிரி நின்றது.

வாக்குப்பதிவுக்கும் சுற்றுலாத் தடைக்கும் இடையே சரியாகப் பதினான்கு நாள். ஊட்டியில் குதிரை வைத்திருப்பவர், தொட்டபெட்டாவில் சோளம் சுட்டு விற்பவர், காட்டேஜ் துப்புரவு வேலைக்குப் போகும் பெண் எல்லோரும் இந்தப் பதினான்கு நாள் கணக்கை வாய்விட்டே சொன்னார்கள். 2020 செப்டம்பரில் மற்ற மாவட்டங்களுக்கு இ-பாஸ் போய்விட்டது, எங்களுக்கும் கொடைக்கானல், ஏற்காட்டுக்கும் மட்டும் இருந்தது. 2020இலும் 2021இலும் மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. ஓட்டுக் கேட்க வந்த வண்டிகளுக்கு ஒரு நியாயம், இட்லிப்பூ பார்க்க வந்த குடும்பத்துக்கு ஒரு நியாயமா என்பது அவர்கள் கேள்வி. (இப்போது இ-பாஸ் என்றாலே வாகன நெரிசல் ஞாபகம்தான் வருகிறது. 2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவில் திரும்ப வந்தது வேறு காரணத்துக்கு.)

அந்தக் கோபத்துக்கு நீதிமன்றத்திலும் ஒரு குரல் கிடைத்தது. ஏப்ரல் 26ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி அமர்வு, இரண்டாம் அலைக்குத் தேர்தல் ஆணையமே பொறுப்பு, அதிகாரிகள் மீது கொலை வழக்குக்கூடப் போடலாம் என்ற அளவுக்குப் பேசியது. வழக்கு என்னவோ வேறு: கரூரில் 77 வேட்பாளர்கள் இருக்கிறார்கள், எண்ணும் இடத்தில் முகவர்கள் கூட்டம் நெருக்கும், ஏற்பாடு செய்யுங்கள் என்று அமைச்சராக இருந்த எம்.ஆர். விஜயபாஸ்கர் போட்ட மனு. மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், அந்த வார்த்தைகள் கடுமையானவை, உவமை பொருத்தமில்லாதது, ஆனால் வாய்மொழியாகச் சொன்னது தீர்ப்பில் இல்லாததால் நீக்க ஒன்றும் இல்லை என்று முடித்தது. உயர்நீதிமன்றம் அப்படிப் பேசிய மறுநாளே, ஏப்ரல் 27 அன்று, ஆணையம் வெற்றி ஊர்வலங்களுக்குத் தடை போட்டது. வாக்குப்பதிவு முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

தேர்தல்தான் இரண்டாம் அலையைக் கொண்டுவந்ததா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அலை முதலில் எழுந்தது மகாராஷ்டிரத்தில்; அங்கே அப்போது சட்டமன்றத் தேர்தல் கிடையாது. டெல்லியிலும் கிடையாது. டெல்டா வகைக் கிருமி மேடையில்லாமலேயே பரவத் தெரிந்தது. தேர்தல் செய்தது, எரிகிற அடுப்புக்கு ஊதுகுழல் வைத்தது. எவ்வளவு ஊதியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைகளும் பஸ்களும் கல்யாணங்களும் அதே மாதத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

தேர்தல் வேறு, பிரச்சாரம் வேறு என்பதை வெளிநாட்டு அனுபவம் ஒன்றுக்கு இரண்டாகக் காட்டுகிறது. தென்கொரியா 2020 ஏப்ரல் 15ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் நடத்தியது. 66.2 சதவீத வாக்குப்பதிவு, 1992க்குப் பிறகு அதிகம். வரிசையில் இடைவெளி, கையுறை, காய்ச்சல் இருந்தால் தனிச் சாவடி. பிரச்சாரத்தில் பெரிய கூட்டங்களைக் கட்சிகளே தவிர்த்தன. தேர்தலால் பரவல் என்று எதுவும் கிளம்பவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி மலேசியாவின் சபா மாநிலத்தில் 73 இடங்களுக்குத் தேர்தல். தீபகற்பத்திலிருந்து தலைவர்களும் தொண்டர்களும் விமானத்தில் போனார்கள், பிரச்சாரம் முடிந்து திரும்பினார்கள், கூடவே கிருமியும் வந்தது. நாட்டின் அடுத்த அலைக்கு அந்தத் தேர்தலும் ஒரு காரணம் என்று பிரதமர் முகைதின் யாசினே ஒப்புக்கொண்டார். சபாவில் நடந்ததும் கட்டபெட்டில் நான் பார்த்ததும் அளவில்தான் வேறு: போக்குவரத்து.

சபாவுக்குப் பிறகு நடந்தது இன்னும் முக்கியம். 2021 ஜனவரியில் மலேசியாவில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள். ஆகஸ்ட் 1 வரை இருந்தது. தேர்தல்கள் நின்றன, நாடாளுமன்றம் பல மாதம் கூடவில்லை. முகைதின் அரசுக்குப் பெரும்பான்மை நூலிழையில் இருந்த நேரம் அது. நோய் உண்மை, அந்த உண்மை அரசுக்கு வசதியாகவும் இருந்தது.

அந்த வசதி நமக்கும் புதிதில்லை. 2020 அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக் கூட்டங்களைக் கொரோனாவைச் சொல்லி அன்றைய அரசு ரத்து செய்தது. வேளாண் சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போட எதிர்க்கட்சிகள் தயாராகியிருந்த நாள். தடையை மீறி கொரட்டூரில் மக்களைக் கூட்டிய மு.க. ஸ்டாலின் மீது வழக்குப் பதிந்தார்கள். நவம்பரில் பாஜகவின் வேல் யாத்திரைக்கும் கொரோனாவைச் சொல்லியே அனுமதி மறுத்தார்கள், திருத்தணியில் எல். முருகன் கைதானார். அதே நவம்பர் 21ஆம் தேதி அமித்ஷா சென்னை வந்தபோது விமான நிலையத்துக்கு வெளியே ரோடு முழுக்கத் தொண்டர்கள் நின்றார்கள். அவர் காரை விட்டு இறங்கி நடந்தே கையசைத்தார். கிருமி தேதி பார்த்து வந்ததா, கொடி பார்த்து வந்ததா என்று அப்போது டீக்கடையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சட்டத்தின் பக்கம் போனால் ஒரு சுவாரசியமான இடைவெளி தெரியும். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதச் சுதந்திரம் தரும்போதே, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று சொல்லிவிடுகிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை 19ஆவது பிரிவில் இருக்கிறது. அதற்கு விதிக்கக்கூடிய கட்டுப்பாட்டுக்குக் காரணங்களாக நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு ஆகியவைதான் எழுதப்பட்டிருக்கின்றன. சுகாதாரம் என்ற சொல் அங்கே கிடையாது. ஆக, கோயில் திருவிழாவை நோயைச் சொல்லி நேராக நிறுத்தலாம். பொதுக்கூட்டத்தை நிறுத்தும்போது நோயைப் பொது ஒழுங்குக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நடைமுறையில் 144 தடை உத்தரவு (இப்போது புதிய சட்டத்தில் அது 163), 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், எல்லாவற்றுக்கும் பாட்டியான 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் என்று கைக்குக் கிடைத்ததை வைத்து ஓட்டுகிறார்கள்.

அந்தப் பாட்டியின் கதை தெரிந்ததுதான். பம்பாயில் பிளேக் வந்து, அவசரமாக நாலே நாலு பிரிவில் எழுதப்பட்ட சட்டம். புனேயில் வீடு புகுந்து சோதனை போட்ட அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். எழுதிய கட்டுரைகளுக்காகத் திலகர் ராஜத்துரோக வழக்கில் சிறை போனார். நோயைச் சொல்லி ஒரு அரசு கட்டுப்பாடு விதித்தால் மக்கள் முதலில் அரசின் கண்ணைப் பார்ப்பார்கள், அப்புறம்தான் நோயைப் பார்ப்பார்கள். அது அன்றிலிருந்தே உள்ள பழக்கம்.

தேர்தலைத் தள்ளிப் போட்டிருக்கலாமே என்பவர்கள் உண்டு. 2021 மே 24ஆம் தேதியோடு சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடிந்தது. நாட்டில் நெருக்கடி நிலை இல்லாமல் அதை நீட்டிக்க வழியில்லை. தேர்தல் நடந்தே தீர வேண்டும். அப்போது பிரச்சாரம் எப்படி என்பதுதான் மிஞ்சும் கேள்வி. அதற்கு மேற்கு வங்கத்தில் எட்டுக் கட்டமாக இழுத்துக்கொண்டு, ஏப்ரல் 22இல்தான் ஐந்நூறு பேருக்கு மேல் கூட்டம் கூடாது என்றார்கள். 2022 ஜனவரி 8ஆம் தேதி ஐந்து மாநிலத் தேர்தலை அறிவிக்கும்போதே ஊர்வலங்களுக்கும் பேரணிகளுக்கும் தடை போட்டுத் தொடங்கினார்கள். ஓராண்டு தாமதமாக வந்தாலும் புத்தி புத்திதான்.

ஆனால் முழுத் தடையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. பெரிய கட்சிக்கு டிவி இருக்கிறது, போனில் கூப்பிட ஆள் இருக்கிறது, ஒவ்வொரு பூத்துக்கும் கமிட்டி இருக்கிறது. பசுந்தேயிலைக்கு விலை கேட்கும் சிறு விவசாயிக்கும், கூடலூரில் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் சிக்கிய நிலத்துக்குப் பட்டா கேட்பவருக்கும், இலங்கையிலிருந்து வந்து அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயில் உழைத்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டைக் காலி செய் என்ற நோட்டீஸுக்குப் பயந்து நிற்பவருக்கும் திடலில் கூடி நிற்பதைத் தவிர வேறு மைக் கிடையாது. ஓவேலியிலும் சேரம்பாடியிலும் செல்போன் சிக்னலுக்கே மேட்டுக்கு ஏற வேண்டிய இடங்கள் உண்டு. காணொலிப் பிரச்சாரம் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் இங்கே வந்து ஒரு காணொலி பார்த்துக் காட்டட்டும்.

இன்னொன்று, எந்த நோய் என்பதைப் பொறுத்துப் பேச்சே மாறும். நீலகிரியின் மேற்கே மலப்புரமும் வயநாடும். நாடுகாணி இறங்கினால் நிலம்பூர். 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா 17 பேரைக் கொன்றது. 2024 ஜூலையில் மலப்புரத்தில் 14 வயதுச் சிறுவன் நிபாவில் இறந்தபோது கூடலூர், பந்தலூர் சோதனைச் சாவடிகளில் காய்ச்சல் பார்த்தார்கள். நிபா கொரோனாவைவிடப் பல மடங்கு கொடியது. வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கக்கூடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆனால் அது பரவுவது நோயாளியை நெருங்கிப் பராமரிப்பவர்களுக்கும் மருத்துவமனைகளிலும்தான் அதிகம். அதற்குத் திடலில் கூட்டத்தைத் தடுப்பதைவிட, தொடர்பிலிருந்த நூறு பேரைத் தேடிப் பிடிப்பது முக்கியம். காலரா என்றால் கூட்டத்தில் தண்ணீர் டிரம்மும் பிரியாணியும்தான் பார்க்க வேண்டியவை. எத்தனை பேர் என்பது இரண்டாம்பட்சம். தட்டம்மை என்றால், நோயாளி வெளியேறி இரண்டு மணி நேரம் கழித்தும் மண்டபத்துக் காற்றில் கிருமி இருக்கும். அங்கே தடுப்பூசி போடாத குழந்தையை அழைத்து வராமல் இருப்பதே பாதி வேலை. எல்லாவற்றுக்கும் 'ஐந்து பேருக்கு மேல் கூடாது' என்று ஒரே அச்சில் உத்தரவு போடுவது, எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது மாதிரி.

மலைக்கு மட்டுமே உரிய ஒரு கணக்கும் உண்டு. 2021இல் இந்த மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. நிலைமை மோசமானால் கோவைக்கு இறங்க வேண்டியிருந்தது. ஊட்டியிலிருந்து 85 கிலோமீட்டருக்கு மேல், பாதி மலைப்பாதை. கூடலூரிலிருந்து ஊட்டிக்கே இன்னும் 50. பந்தலூர்க்காரர்கள் வழக்கமாகச் சுல்தான் பத்தேரி பக்கம் போவார்கள். எல்லையில் கெடுபிடி வந்ததும் அதுவும் சிக்கலானது. ஆம்புலன்சில் ஆக்சிஜனோடு இறங்குகிறவருக்கு அந்தத் தூரம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். சமவெளியில் பத்து நோயாளியைத் தாங்கும் ஏற்பாடு இங்கே மூன்று பேருக்கே திணறும். அதனால் கூட்டத்துக்கு எத்தனை பேர் என்று முடிவு செய்யும்போது மைதானத்தின் சதுர அடியை மட்டும் அளந்தால் போதாது. கீழே எத்தனை படுக்கை, இறங்க எத்தனை நேரம் என்றும் பார்க்க வேண்டும். நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12ஆம் தேதி மற்ற பத்துக் கல்லூரிகளோடு திறக்கப்பட்டது. பிரதமர் தமிழகத்துக்கு நேரில் வருவதாக இருந்த விழா. ஒமிக்ரான் அலையால் அதையே காணொலியில் முடித்தார்கள். மலைக்கு வெகுகாலம் கழித்துக் கிடைத்த மருத்துவக் கல்லூரியின் திறப்புக் கூட்டத்தையே ஒரு தொற்று ரத்து செய்தது.

பின் என்ன செய்வது என்றால், மலையில் ஏற்கெனவே நடந்ததைத்தான் சொல்வேன். 2021 பிரச்சாரத்தில் நான் பார்த்த புத்திசாலித்தனமான காரியம் ஒரு சின்ன கட்சியுடையது. அவர்களிடம் வண்டிக்குக் காசில்லை. மைக் செட் கட்டிய ஒரு ஜீப், உள்ளே ஓட்டுநரும் பேச்சாளரும் மட்டும். ஹட்டியில் வீடுகள் வரிசையாக ஒரு முற்றத்தைப் பார்த்து இருக்கும். ஜீப் முற்றத்து ஓரத்தில் நிற்கும், அவர் பேசுவார், மக்கள் அவரவர் வாசலில் உட்கார்ந்து கேட்பார்கள். கேள்வி இருந்தால் வாசலிலிருந்தே கத்திக் கேட்பார்கள். பத்து நிமிடம், அடுத்த ஊர். ஆள் திடலுக்குப் போகாமல் பேச்சு ஊருக்கு வந்தது. ஓட்டு எத்தனை விழுந்தது என்று கேட்காதீர்கள், டெபாசிட் போயிற்று. பெரிய கட்சிக்காரர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். கூட்டம் காட்டுவது பேச்சைக் கேட்க வைப்பதற்கு இல்லை. எதிராளிக்கும் மேலிடத்துக்கும் தலையைக் காட்டுவதற்கு. தலையைக் காட்ட ஆள் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆள் ஏற்றுகிறவரைதான் பொறுப்பாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. திடலில் எத்தனை பேர் என்று போலீஸ் எண்ணுவதைவிட, மலைப்பாதைச் சோதனைச் சாவடிகளான பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் வண்டியை நிறுத்தி உள்ளே எத்தனை பேர், கண்ணாடி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நிறுத்துகிறார்களே.

2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். நீலகிரியில் அப்போது நான்கு நகராட்சி, பதினொரு பேரூராட்சி. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு இருந்த அதே ஜனவரி மாதக் கடைசியில் அறிவிப்பு வந்தது. பேரூராட்சி வார்டு என்றால் சில நூறு ஓட்டு. திடலும் தேவையில்லை, வண்டியும் தேவையில்லை. ஓவேலியில் உறவினர் ஒருவரின் லைன் வீட்டில் இருந்தேன். வேட்பாளர் நடந்தே வந்தார், கூட மூன்று பேர், நான்கு பேரும் மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். கதவிலிருந்து நாலடி தள்ளி நின்று கும்பிட்டார். விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தவர் மாதிரி. வீட்டுப் பாட்டி வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"யாருன்னே வெளங்கலையே தம்பி. அத கொஞ்சம் எறக்குங்க."

அவர் இறக்கினார்.

"அடடே, நீங்களா! வெளிய நின்னுக்கிட்டு… காத்து எப்பிடி அடிக்குது பாருங்க. உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு செருப்பைக் கழற்றினார்கள். கடைசியாக வந்தவர் கதவைச் சாத்தினார்.